ஊரைப் பார்த்துத் திரும்பிய படகு

திருவொற்றியூருக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், பிரசாதம் வாங்குவார்கள், வந்த வழியே போய்விடுவார்கள். அதைத் தாண்டியும் பார்க்க இடம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எங்கள் முகத்துவாரக்குப்பத்து வெற்றி தன் ஷேர் ஆட்டோவின் முதுகில் ‘யாரும் பார்க்காத வடசென்னை’ என்று எழுதிக்கொண்டு கிளம்பினான். ராயபுரத்துப் பழைய ரயில் நிலையம், காலடிப்பேட்டைச் சந்துகள், கடைசியாக ஆறு கடலில் கலக்கிற எங்கள் மணல். ரயில் நிலையத்தின் வயதை மட்டும் நடைக்கு நடை ஏற்றிக்கொண்டே போனான்.

“ஏல வெற்றி, போன ஞாயித்துக்கிழம சொன்னதுக்கு இன்னைக்கி அம்பது வருசம் கூட்டிட்டியே?”

“நீ கடையப் பாருக்கா. அவங்க இன்னா பர்த் சர்ட்டிபிகேட்டா கேக்குறாங்கோ?”

கடையைத்தான் பார்க்கிறேன். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே மளிகைக் கடை போட்டவள் நான். கல்லாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே மோகனப்ரியா வீடு. அதற்கு அப்பால் மணலில் அவள் புருஷன் குமாரவேலின் ஃபைபர் படகு. கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குமாரவேல் வெற்றியின் அண்ணன். இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவர் விசைப்படகில் கூலிக்குப் போனான். படகு திரும்பியது, அவன் திரும்பவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கென்று இந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். அவன் படகின் முனை கடலைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் தேடுகிறோம் என்று அர்த்தம். பெண்டாட்டி தாலியைக் கழற்றி, காரியம் முடிந்த பிறகுதான் முனையை ஊர்ப்பக்கம் திருப்புவார்கள். நீ வீடு வந்தாயிற்று, இனி அலையாதே என்று. மோகனப்ரியா காரியத்துக்கு ஒப்பவே இல்லை. மாமியார் பவுனம்மாள் அமாவாசைக்கு அமாவாசை கேட்பாள். இவள் தலையில் பூவைச் செருகிக்கொண்டு மீன் கூடையோடு போய்விடுவாள்.

வெற்றி கூட்டி வந்தவர்களுக்கு அந்தப் படகில் உட்கார்ந்து படம் எடுக்க ஆசை. பின்னால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வர வேண்டுமாம். வெற்றி நாலு பேரைப் பிடித்து, காரியம் ஆகாமலே முனையை ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டான்.

அன்றைக்கே ஒரு பெண் செல்போனை அவனிடம் நீட்டினாள். “அண்ணா, என் பின்னாடி யாரு? எடுக்கும்போது யாரும் இல்லையே.”

நான் எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? படகின் விளிம்பில் ஓர் ஆள். நனைந்து ஒட்டிய நீலக் கட்டம் போட்ட சட்டை, குனிந்த தலை. வெற்றி சிரித்து மழுப்பினான். ஆனால் அவளிடம் வாங்க வேண்டிய காசைக்கூட வாங்காமல் வண்டியை எடுத்தான்.

அடுத்த ஞாயிறு எடுத்த படத்தில் அந்த ஆள் படகை விட்டு இறங்கி நின்றான். அதற்கடுத்த ஞாயிறு வலைக் குவியலுக்குப் பக்கத்தில். விஷயம் பரவி, கோயிலையே கேட்காமல் ‘அந்தப் படகு’ என்று கேட்டு வந்து இறங்கினார்கள். வெற்றி முதலில் ஆட்டோவுக்குப் புது சீட் உறை போட்டான். பிறகு சாப்பிடுவதை விட்டான். ஏனென்றால் கடைசிப் படத்தில் அந்த ஆள் மோகனப்ரியா வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பவுனம்மாள் தெருவே கேட்க வந்தாள்.

“டேய் கய்தே! காரியம் பண்ணாம இன்னாத்துக்குடா திருப்புன? வூட்ல கூப்புட்டாங்கன்னு நெனச்சிகினு நடக்குறான்டா எம்புள்ள. படகத் திருப்பி வெய்டா!”

வெற்றி கயிற்றோடு ஓடினான். அதற்குள் மோகனப்ரியா படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“எவனாச்சும் கை வெச்சீங்க, அவ்ளோதான்.”

“பேஜாரு பண்ணாத அண்ணி. அது அண்ணன் இல்ல.”

“சட்ட யாருது? ரெண்டாவது பொத்தான் நான் தெச்ச செவப்புப் பொத்தான். படத்துல கீதா இல்லியா?”

“கீது...”

“அப்பறம் இன்னா? ரெண்டு வருசமா கூப்ட்டுகினே கீறேன். வேலியாண்ட வந்த மனுசன திரும்பிப் போன்னு சொல்லவா?”

“கடல்ல கெடந்தது வூட்டுக்கு ஆவாதுமே, ப்ரியா,” என்றாள் பவுனம்மாள்.

“உனுக்கு வேணாம்னா போ அத்த. எனுக்கு வேணும்.”

யாரும் படகைத் தொடவில்லை.

சாயங்காலம் அவளே கடைக்கு வந்தாள். “அக்கா, உன் போன எடுத்துகினு வா. வாசல்ல நிக்கிறேன், ஒண்ணு புடி.”

போயிருக்கக் கூடாது. ஆனால் கூப்பிடாத வீட்டுக்கே போகிற கால் என்னுடையது. அவள் கதவை விரியத் திறந்து வைத்து, புதுப் பூ வைத்துக்கொண்டு நிலையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அறை காலியாகத்தான் இருந்தது. எடுத்தேன்.

படத்தில் அவன் நிலைக்கு உள்ளே நின்றான். முதல் தடவையாகத் தலை நிமிர்ந்திருந்தது. சட்டை அவனுடையதுதான், சிவப்புப் பொத்தானும் இருந்தது. அதற்கு மேலே கண் இல்லை, உதடு இல்லை. மீன்கள் தின்றது போக மிச்சம்தான் இருந்தது.

“மொகம் தெரியுதாக்கா?”

குப்பம் முழுக்கச் செய்தி சொல்கிற நான் போனைப் புடவைத் தலைப்பில் மறைக்கப் பார்த்தேன். அவளே போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். விழுந்தால் தாங்கிப் பிடிக்கலாம் என்று நான் பக்கத்தில் நகர்ந்து நின்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ரொம்ப எளச்சிட்டாரு,” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.

வெற்றி இப்போது ஆட்களைக் கோயில் வாசலோடு இறக்கிவிடுகிறான். படகு இன்னும் ஊரைப் பார்த்தே நிற்கிறது. மோகனப்ரியா சந்தையில் மீன் விற்றுவிட்டு, இரண்டு பேருக்கு எடுத்து வருகிறாள். நான் கல்லாவைப் பின்சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன். ஆனாலும் கடை திறக்கும்போது எதிர்வீட்டுக் கொடி கண்ணில் படுகிறது. அதில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. எத்தனை வெயில் அடித்தாலும் அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது.