எவந்தியா இன்று உயிரோடு இல்லை

1

ஸ்டாதிஸ் சாலையின் குறுக்கே ஓடுகிறான். டாக்சிக்காரர் திட்டுகிறார். எதிர்ச் சாரியில் காப்பிக்கடைக் கதவைத் தள்ளித் திறந்து, மூச்சு வாங்க எவந்தியாவின் முன்னால் நிற்கிறான்.

"நீங்க செத்துட்டீங்கன்னு தெரியும் மேடம். ஒரு நிமிஷம் மட்டும் உயிரோட வாங்க."

(முதலில் 'கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் மழை பிடித்துக்கொண்ட' என்று தொடங்கிப் பாதியில் விட்டேன். அன்று மழையே இல்லை.)

2

கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கப்பல் கம்பெனியில் பேரிடர் ஒத்திகை நடத்துவது என் வேலை. முதன்மைக் கணினியை நிறுத்துவோம். கொரிந்து நகரில் இருக்கும் மாற்றுக் கணினி விழித்துக்கொண்டு டிக்கெட் வேலையைத் தொடர வேண்டும். கூடவே ஒருவரை 'இறந்தவர்' என்று அறிவிப்பேன். அவர் காப்பிக்கடைக்குப் போய்விட வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அவர் இல்லாமல் மற்றவர்கள் சமாளிக்கிறார்களா என்று பார்க்கத்தான். இம்முறை இறந்தவர், கணினிப் பிரிவுத் தலைவி எவந்தியா. ஸ்டாதிஸ் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவன்.

மாற்றுக் கணினி கடவுச்சொல் கேட்டது. அவசரத்துக்கென்று அதை எழுதிப் பெட்டகத்தில் வைத்திருக்கும் உறையைப் பிரித்தால் உள்ளே பழைய சொல். புதியது எவந்தியா மாற்றியது. சரி, போதும் என்று முதன்மைக் கணினியைப் போட்டால் அதுவும் எழவில்லை. ஒத்திகை அத்தோடு முடிந்தது. மீதி நிஜம்.

பயணிகள் பட்டியல் இல்லாமல் கியோஸ் தீவுக்குப் போகும் கப்பலைத் துறைமுகத்திலிருந்து கிளம்ப விட மாட்டார்கள். கீழே துறைமேடையில் காத்திருக்கும் லாரிக்காரர்கள், குழந்தைகள், கூண்டில் ஒரு பூனை. [பூனையை வெட்டிவிடலாமா? இருக்கட்டும்.]

3

எவந்தியாவை வில்லியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கப்பல் தாமதமானால் தன் வீட்டுக் கல்யாணம் நின்றதுபோலத் தவிக்கிறவர். பிறகு ஏன் பேச மறுக்கிறார்?

"செத்தவ எப்படிடா பேசுவா?" என்று காப்பியைக் கலக்கினார்.

ஒத்திகை முடிந்துவிட்டது, இது நிஜம் என்று ஸ்டாதிஸ் கெஞ்சினான். பின்னாலேயே வந்து நின்ற நான், நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று அதிகாரபூர்வமாக அறிவித்தேன்.

"கொன்னவனே வந்து எழுப்புறான் பாரு," என்றார். கரண்டி நிற்கவில்லை. கோப்பையில் கலக்க எதுவும் மிச்சம் இல்லை.

4

முடிவு ஒன்று: எவந்தியா சிரித்துக்கொண்டே கடவுச்சொல்லைச் சொல்கிறார், கப்பல் சங்கு ஊதுகிறது. வாரப் பத்திரிகைக்கு இது போதும். நடக்கவில்லை.

முடிவு இரண்டு: ஸ்டாதிஸ் தானாகவே அந்தச் சொல்லை

(வேண்டாம். அவ்வளவு அதிர்ஷ்டத்தை நானே நம்ப மாட்டேன்.)

மூன்றாவது உங்களுடையது. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னால், ஸ்டாதிஸ் எவந்தியாவிடம் கெஞ்சுவதை விட்டுவிட்டுப் பயணிகளை வரிசையில் நிறுத்திக் கையாலேயே பட்டியல் எழுதப் போவான். கப்பல் கிளம்பலாம். எவந்தியாவின் வேலை போய்விடும். சொல்வதா, வேண்டாமா? முடிவெடுக்க, இதுவரை மறைத்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இறந்தவரைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல. முந்தின நாள் எவந்தியா என் அறைக்கு வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு என்னையே செத்தவளாப் போடு. மாத்தின சொல் எனக்கு மறந்துபோச்சு. உறையில வெச்சுட்டேன்னுதான் நெனைக்கிறேன். நான் செத்தவளா இருந்தா என்கிட்ட கேக்காம அதைப் பிரிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதே. இன்னைக்குக் காலையில ஸ்டாதிஸ் பேரே கொஞ்ச நேரம் வரல."