வீட்டில் எத்தனை பேர்

மருத்துவமனையில் அவளை எல்லாரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, மற்ற பேச்சே அவளிடம் குறைந்துபோயிருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அண்ணன் வீட்டோடுதான் இருந்தாள். அடுப்படி முழுக்க அண்ணியின் ராஜ்ஜியம். கூடையில் போட்ட துணி இஸ்திரி மடிப்போடு அலமாரிக்கு வந்து சேரும். நடுவில் அது எந்த மெஷினுக்குள் போய் வந்தது என்று அவள் எட்டிப் பார்த்ததில்லை.

அண்ணனின் மூத்த பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் குடும்பமே கிளம்பியது. வீட்டைச் சாமான்களோடு விற்றார்கள். "நீயும் வந்துடேன்" என்று அண்ணன் ஒரு தரம் சொன்னார். ஒரு தரம்தான். அவளும் "பார்க்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் வாளியில் துவைத்தாள், ஓட்டலில் சாப்பிட்டாள். வயிறு கெட்டுப்போனதும், ஒரு விடுமுறை நாளில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கக் கிளம்பினாள்.

கடையில் ஆளுயர ஃபிரிட்ஜுகள் வரிசையாக நின்றன. எதைத் திறந்தாலும் உள்ளே விளக்கும் பிளாஸ்டிக் ஆப்பிளும். ஒன்றும் பிடிபடாமல் அண்ணிக்குப் போன் போட்டாள்.

"இங்க கொஞ்சம் வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன். நல்லதாப் பார்த்து வாங்கு."

போன் துண்டிக்கப்பட்டது. கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டிருந்த விற்பனையாளர் பக்கத்தில் வந்தார். பாதி வழுக்கை; அவள் வயதுதான் இருக்கும்.

"வீட்ல எத்தனை பேர் மேடம்?"

"அஞ்சு பேர்."

இத்தனை வருஷமும் சொல்லிப் பழகிய பதில், வாய் தவறி வந்துவிட்டது. திருத்துவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிள்ளைகள் துணி ரொம்ப அழுக்காகுமா?

"சின்னவன் ரொம்ப மோசம். சேத்துலதான் புரளுவான்."

அதுவும் பொய்யில்லை. புரண்டவன்தான்; இப்போது மீசை முளைத்துவிட்டது. பேசப் பேச அவளுக்குச் சுகமாக இருந்தது. சும்மா சும்மா ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கிற அண்ணனையும், வாங்கி வாங்கி அடுக்குகிற அண்ணியையும் கடைக்குள்ளேயே கூட்டி வந்துவிட்டாள். கடைசியில் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜும், கம்பளியே துவைக்கிற பெரிய மெஷினும் முடிவாயின.

மறுநாள் சாமான் வந்தது. ஃபிரிட்ஜ் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. எப்படியோ சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுபோனால், அதை வைத்தபின் சமையலறையில் ஆள் நிற்க இடமில்லை. மெஷினோ குளியலறை வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

தூக்கி வந்தவர்களில் மூத்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கவிழ்த்து வைத்த ஒற்றைத் தட்டு.

"அஞ்சு பேர்னு கடையில சொன்னாங்களே, எல்லாரும் இங்கேயாம்மா இருக்கீங்க?"

கிண்டல் இல்லை, நிஜமான கவலை. அதனால்தான் அவள் முகம் சுண்டிப்போனது.

"இல்லைங்க. நான் ஒருத்திதான். தப்பாச் சொல்லிட்டேன். திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

சாயங்காலம் கடைக்குப் போகும்போது வழியெல்லாம் ஒரு சாக்கை யோசித்துக்கொண்டே போனாள். விற்பனையாளர் எதிரில் நின்றதும் அது வாயில் வரவில்லை.

"அண்ணன் குடும்பத்தையும் சேர்த்துச் சொல்லிட்டேன். அவங்க ஊரை விட்டே போயிட்டாங்க."

அவர் உச்சுக்கொட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. முதல்லேர்ந்து வருவோம். நீங்க எப்ப சமைப்பீங்க?"

அவள் யோசித்தாள். "டியூட்டி மாறி மாறி வரும். லீவு நாள்ல மொத்தமா செஞ்சு வச்சாத்தான் உண்டு."

"ஐஸ் தண்ணி குடிப்பீங்களா?"

"தெரியலையே," என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் எது பிடித்ததோ அதுவே அவளுக்கும் போதுமாக இருந்தது.

அவர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். "வாசல், மூலை, குழாய் எல்லாம் அளந்துட்டு வாங்க. அதுக்கப்புறம் பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்து முட்டி போட்டு அளந்தாள். சுவர் ஒரு பக்கம் கோணல் என்பதும், குழாய்க்குக் கீழே தரை கொஞ்சம் பள்ளம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குடிவந்ததிலிருந்து வீட்டுக்குள் அவள் கட்டிலை விட்டு அதிகம் நகர்ந்ததே இல்லை.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வந்தது. மேல்பக்கம் திறக்கிற குட்டி மெஷின் குளியலறை மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. வேலைக்குப் போடுகிற சட்டைகளை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தி, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் விழுந்தது, மெஷின் முனகியது, குலுங்கியது. பக்கத்து அறையில் யாரோ வேலையாக இருப்பதுபோல வீடு நிறைந்திருந்தது.

சத்தம் நின்றதும் சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். பாதிக் கொடி காலியாகவே கிடந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். நேற்றுத்தான் விரித்த படுக்கை விரிப்பை உருவி மெஷினுக்குள் போட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.