வெள்ளைப் பூச்சு

அம்மாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது மகளின் கைபேசி அடித்தது. நகர மண்டபத்தை இடிக்கவிடாமல் போராடும் குழுவின் பொறியாளர்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். நாளைக்கு நகர மன்றம் கூடுது. வெளிய முழுக்க வெள்ளைப் பூச்சு அடிச்சா தண்ணி இறங்காது, கட்டடத்தை விட்டுருவாங்க. இல்லேன்னா இடிச்சிருவாங்க. வரைஞ்சவங்க சம்மதம் இல்லாம பூசக் கூடாதே."

அந்த நிபந்தனையை அன்றே பிடிவாதமாக எழுதி வாங்கியவள் அம்மாதான். இவளுக்குப் பால் மறக்காத வயதில் அம்மா வரைந்த கட்டடம். பூச்சில்லாத வெறும் கான்கிரீட், அதை வார்த்த மரப்பலகையின் ரேகைகூட வெளியே தெரிய வேண்டும். ஊர் அதற்கு எருமை என்று பெயர் வைத்தது. இப்போது எருமைக்கு விலா எலும்பு தெரிந்தது. துருப்பிடித்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மழை பெய்தால் கூட்ட அறையில் உறுப்பினர்களைவிட வாளிகள் அதிகம்.

"கேட்டுத் தொலை," என்றான் கதவில் சாய்ந்திருந்த தம்பி. "நம்மளைவிட அதைத்தானே கண்ணுல வச்சுப் பாத்தாங்க."

"மெதுவாப் பேசுடா. காது கேக்குது."

"நாம கூப்பிட்டப்ப கேக்கலியே." தேநீர் போடப் போய்விட்டான்.

அவள் குனிந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இடிச்சிரச் சொல்லு."

"அம்மா, பூசினா நிக்கும்மா."

"அதுக்குப் பேரு நிக்கறதா?"

அதற்குமேல் அம்மா எதுவும் பேசவில்லை. விடிவதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

காலையில் பொறியாளர் வந்தார். முன்னறையில் கிடத்தியிருந்த அம்மாவின் முன் கும்பிட்டுவிட்டு அவளருகே வந்தார்.

"அக்கா... கேக்க முடிஞ்சுதா?"

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. மதியத்துக்குள் எருமையின் கதை முடிந்துவிடும். சின்ன வயதில் எத்தனை இரவு அதை வேண்டிக்கொண்டிருக்கிறாள். இனி கோபப்படக்கூட அம்மா இல்லை. அந்தக் கட்டடமும் போய்விட்டால் எதைப் பார்த்துக் கோபப்படுவது?

"பூசிக்கச் சொன்னாங்க," என்றாள்.

நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான். "யாரு, அம்மாவா?"

"ஆமா."

"அம்மாவா விட்டுக்குடுத்தாங்க?"

அவள் தலையசைத்தாள். அவன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். விடியற்காலையிலிருந்து கல்லாக இருந்த முகம் கோணியது.

"அம்மா இருக்கறப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

அவள் வாயைத் திறந்தாள். பொறியாளர் அதற்குள் வெளியே போய், சம்மதம் கிடைத்ததை யாரிடமோ கைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களை மூடப் பார்த்தான். கீழே இழுத்தால் தோள் வெளியே வந்தது. மேலே ஏற்றினால் மறுபடி பாதம். இழுத்துக்கொண்டே இருந்தான்.