ப்ளீச்சிங் பவுடர் படாத இடம்

மொய்னுதீனின் இடது காலுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டு, புதன்கிழமை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட. அதற்குள் புண் ஆறத் தொடங்கினால் கால் தப்பும். இல்லையென்றால் எடுத்தே ஆக வேண்டும், விட்டால் பாதத்து எலும்பில் குடியேறியிருக்கும் கிருமி மேலே ஏறி ஆளையே முடித்துவிடும் என்று டாக்டர் காலண்டரைப் பார்த்தபடி சொன்னாராம்.

"வளர்பிறையா பாத்துக் குறிச்சாரா பாய்?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"அதெல்லாம் உங்காளுங்களுக்கு தங்கச்சி. எனக்கு அவரு லீவுல போகாத நாளாப் பாத்துக் குறிச்சாரு," என்றார் மொய்னுதீன்.

பெரியநாயகிக்கு அந்தக் கிருமியை நன்றாகத் தெரியும். பதினோரு மாதத்துக்கு முன் அவள் புருஷன் ஆதிகேசவனைக் கொண்டுபோனது அதுதான்.

ஆதிகேசவன் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அந்த ஆட்டோவைப் பிரித்துப் பிரித்து மாட்டியவர் மொய்னுதீன். இருபது வருஷ சிநேகம். அதில் பத்தொன்பது வருஷம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதில் போனது. இரண்டு பேருக்கும் சர்க்கரை. இரண்டு பேருக்கும் அடிபட்டது இடது பாதத்தில். ஆதிகேசவன் போன வருஷம் கருட சேவையன்று, வைகாசி வெயிலில், செருப்பில்லாமல் சாமி பின்னால் நடந்து பாதத்தைப் பொரித்துக்கொண்டார். அதே வாரம் மொய்னுதீன் ஜாக்கியைக் காலில் போட்டுக்கொண்டார். ஒருவருக்குப் பக்தி, ஒருவருக்கு இரும்பு. போய்ச் சேர்ந்தது ஒரே ஆஸ்பத்திரி, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எந்த மாத்திரைக்கும் அசையாத அந்தக் கிருமி எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குத் தாவியது என்பதில் இருவருக்கும் கடைசிவரை தகராறு.

வீட்டுக்கு வந்த பிறகு ஆதிகேசவனின் புண்ணை மூன்று மாதம் கழுவியது பெரியநாயகி. கொல்லைப்புறக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அவரை உட்காரவைத்து, காலை மடியில் வைத்துக்கொண்டு கழுவினாள். அவர் அந்த நேரத்தில் பாட்டுப் பாடுவார். வலியைவிட அந்தப் பாட்டுதான் தாங்க முடியாது. பிறகு ஒரு நாள் குளிரோடு காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் முடிந்துவிட்டது. அன்றைக்குக் குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியவள், அதற்குப் பிறகு திறக்கவில்லை. கிணற்றடியில் தட்டி கட்டிக் குளித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "தாப்பா சரியில்ல," என்றாள். பூட்டுத் தொங்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து பிரியதர்ஷினி வந்தாள். ஆராய்ச்சி செய்கிற பெண். மொய்னுதீனின் கிருமியை டாக்டர் அவர்களுடைய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். அவள் மொய்னுதீன் வீட்டுக் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாக்டீரியாவைக் கொல்கிற வைரஸ் உண்டு, அதைப் பிடித்துப் பெருக்கிச் சுத்தம் செய்து, டாக்டர் சிறப்பு அனுமதி வாங்கிப் புண்ணில் விடுவார் என்று சொன்னாள்.

மொய்னுதீனின் மனைவி சைதுன் டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். "யா அல்லா! வைரஸா? ரெண்டு வருஷம் மூஞ்சைக் கட்டிக்கினு அதுக்குப் பயந்து ஓடினோம். இப்ப நீயே இட்டாந்து கால்ல வுடுவியா?"

"அது வேற, இது வேறம்மா. இது மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது. அதுக்குப் பாக்டீரியா மட்டும்தான் சாப்பாடு. அதுலயும் ஒவ்வொரு வைரஸும் ஒரு வகை பாக்டீரியாவைத்தான் தொடும். எங்ககிட்ட நாப்பது வகை இருக்கு. ஒண்ணுகூட இவரோட கிருமியைத் தொடலை."

"எம் பையன் மாதிரி. பூசணிக்காய்னா எழுந்து போய்டுவான்," என்றார் மொய்னுதீன்.

"எப்படிக் கொல்லும்?" என்று கேட்டாள் பெரியநாயகி. அவளுக்கு அது முக்கியம். அந்தக் கிருமி எப்படிச் சாகும் என்று பதினோரு மாதமாக யாரையாவது கேட்க வேண்டும் என்றிருந்தாள்.

"அந்த வைரஸோட தலைக்குள்ள அதனோட டி.என்.ஏ. முழுக்கச் சுருட்டி அடைச்சு வெச்சிருக்கும்மா. அந்த அழுத்தம் ஆட்டோ டயர்ல இருக்கிறதை விட இருபது மடங்குக்கு மேல. கிருமி மேல போய் உக்காந்து, தோலைக் குத்தி, உள்ளே பீச்சி விட்டுடும். அப்புறம் உள்ளேயே நூறு குட்டி. கடைசியில கிருமியோட சுவரைக் கரைச்சிடும். கிருமிக்குள்ளயும் அழுத்தம் இருக்கே, சுவர் போனா வெடிச்சிடும்."

மொய்னுதீன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் தொழில் தெரிந்தது. "அப்ப ஓவர் காத்துல டியூப் வெடிக்கிற கதைதான். இத்தினி வருசம் பஞ்சர் ஒட்டினேன். என் கால் பொழைக்கணும்னா பஞ்சர் பண்ணணும், அப்டித்தானே?"

"அப்டித்தான் அங்கிள். ஆனா அந்த வைரஸைக் கண்டுபிடிக்கணும். கிருமி எங்கே நிறைய இருந்துச்சோ அங்கேதான் அதுவும் இருக்கும். அதனால எனக்கு அழுக்குத் தண்ணி வேணும். எவ்வளவு அழுக்கோ அவ்வளவு நல்லது."

"அதுக்கா மெனக்கெட்டு வந்தே? ரோட்ல நின்னாலே லாரிக்காரன் தெளிச்சிட்டுப் போவானேமா," என்றார் மொய்னுதீன்.

திங்கட்கிழமை காலை பிரியதர்ஷினிக்கு வழி காட்டப் பெரியநாயகி கிளம்பினாள். தெருமுனை திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் கோடு போட்டாற்போல வெள்ளை. சாக்கடை ஓரம் வெள்ளை, சாக்கடைக்குள் வெள்ளை, ஓரமாகப் படுத்திருந்த நாயின் முதுகில்கூட ஒரு கோடு. பெரிய மந்திரி யாராவது வந்தால்தான் அந்த ஊரில் ப்ளீச்சிங் பவுடர் இப்படி விழும்.

முனையில் கவுன்சிலர் வீராசாமி கையில் பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தார். சென்னையிலிருந்து ஒரு மேடம் வார்டு சாக்கடையைச் சோதனை போட வருகிறார் என்று அவருக்குத் தகவல் போயிருந்தது. எதற்கு என்று கேட்க அவருக்கு நேரமில்லை. முந்தின நாள் முழுக்க ஆளை வைத்துப் பவுடர் அடித்திருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. நம்ம வார்டு சாக்கடையில மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்," என்று பொன்னாடையைப் போர்த்தினார். பின்னாலிருந்தவர் போட்டோ எடுத்தார்.

"பவுடர் போடாத இடம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டாள் பிரியதர்ஷினி.

வீராசாமி நெஞ்சில் கை வைத்தார். "சத்தியமா இல்ல மேடம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி வாய்க்கா இருக்குதே, அங்க மட்டும் ஆறு மூட்டை. கோயில் குளத்துலகூடக் கொட்டச் சொல்லிட்டேன். சாமி குளிக்கிற தண்ணி, சும்மா வுட்ற முடியுமா?"

பிரியதர்ஷினி பொன்னாடையோடு குனிந்து பத்துப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். எல்லாம் நீச்சல்குளம் மாதிரி மணந்தது. வியாழக்கிழமை போன் செய்தாள். பத்திலும் ஒன்றுமில்லை, எல்லாம் செத்துப்போயிருக்கிறது. மறுபடி எடுக்க வரலாம் என்றால், பொன்னாடைப் போட்டோ பேப்பரில் வந்த உற்சாகத்தில் வீராசாமி தினமும் பவுடர் அடிக்கத் தொடங்கியிருந்தார். இருபது வருஷமாக ஊர் கேட்டு நடக்காத சுத்தம், ஊருக்கு அழுக்கு தேவைப்பட்ட ஒரே வாரத்தில் நடந்தது.

"வுடு தங்கச்சி," என்றார் மொய்னுதீன். "ஆதி இருந்தா சொல்லுவான், 'பிரேக்குக்கு ஒத்தக் கால் போதும், அதுவும் இல்லன்னா கைப் பிரேக்கு'ன்னு." சிரிக்கப் பார்த்தார். சைதுன் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, ஆனால் கழுவப் பாத்திரம் எதுவும் இருக்கவில்லை என்று பெரியநாயகிக்குத் தெரியும்.

திரும்பி நடக்கும்போது அவள் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது. கிருமி எங்கே நிறைய இருந்துச்சோ அங்கே. மூன்று மாதம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, புண் கழுவிய தண்ணீர் முழுக்கக் குளியலறை ஓட்டை வழியாகக் கொல்லையில் இருக்கும் உறைகுழிக்குத்தான் போனது. அது எந்தத் தெருச் சாக்கடையோடும் சேராது. ஆனால் அதைத் திறந்து காட்டினால் உள்ளே எப்படி இருக்கும்? பதினோரு மாதம் புருஷனின் சீழைக் கழுவிவிடாத பெண் என்று தெரு முழுக்கப் பேசும். போகட்டும், பேசட்டும். திறந்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போய்விடும். அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லியதில்லை.

வீட்டு வாசலில் ப்ளீச்சிங் நெடி அடித்தது. நாத்தனார் பூவம்மாள், அடுத்த வாரம் வரும் தம்பியின் வருஷ திதிக்காகத் திருப்புட்குழியிலிருந்து காலையே வந்திருந்தாள். வாசற்படியில் ஒரு மூட்டை.

"தெருவுல பவுடர் போட்டுக்கினு போனாங்க, நானே உள்ள கூப்ட்டேன். அந்தக் கொல்லைக் குழியைக் கொஞ்சம் சுத்தம் பண்ணட்டுமே," என்றாள் பூவம்மாள் பெருமையாக.

பெரியநாயகி ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தத் தெரு பார்த்திராத ஓட்டம். குளியலறை வாசலில் இரண்டு பேர் கூடையோடு நின்றார்கள். ஒருவன் உறைகுழி மூடியை நகர்த்தக் கடப்பாரை வைத்திருந்தான்.

"ரூம்ல பூட்டு இருக்குதுமா, அதான் குழியில முதல்ல கொட்டிடலாம்னு..."

"பாம்பு!" என்றாள் பெரியநாயகி. "அந்த மூடிக்குக் கீழதான் இருக்குது. நேத்துகூடப் பாத்தேன். இம்மாம் பெருசு. ரூம்லயும் ஒண்ணு."

கடப்பாரை கீழே விழுந்தது. அவர்கள் மூட்டையை விட்டுவிட்டே போனார்கள். பூவம்மாளும் அவர்களோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே பெரியநாயகி போன் செய்து கூப்பிட்டதில் மறுநாள் பிரியதர்ஷினி வந்தபோது பூவம்மாளுக்கு விஷயம் புரிந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! தம்பி திதியும் அதுவுமா அவன் சீழை புட்டியில புடிச்சிக் குடுப்பியா? அவன் அன்னைக்கு வந்து இந்த நாத்தத்துலயா உக்காருவான்?"

"மூணு மாசம் இதுலதான் உக்காந்திருந்தாரு அண்ணி. பாட்டு வேற பாடினாரு. நீங்க வந்தப்ப வாசல்லயே மூக்கைப் புடிச்சிக்கினு நின்னீங்களே, அதான் தெரியல."

பூட்டு துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுத் திருக வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன் கீழே ஒற்றைச் செருப்பு, கட்டுப் போட்ட பாதம் நுழைவதற்காக முன்பக்கம் கத்தியால் அவரே கோணல்மாணலாக வெட்டிய இடது கால் செருப்பு. தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக, வழவழவென்று ஏதோ படர்ந்திருந்தது. பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, சூப்பர்மா!" என்றாள் பிரியதர்ஷினி. கையுறையை மாட்டிக்கொண்டு அந்த ஓட்டைக்கு முன்னால் மண்டி போட்டாள். கருவறை முன்னால்கூட இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படி மண்டி போட்டுப் பெரியநாயகி பார்த்ததில்லை. ஓட்டையிலிருந்து இரண்டு பாட்டில், உறைகுழியிலிருந்து நான்கு. கடைசி பாட்டிலைப் பெரியநாயகியே மூடினாள், இறுக்கமாக.

ஐந்தாம் நாள் போனில் ஒரு படம் வந்தது. வட்டத் தட்டு, அதில் பால் ஆடை மாதிரி படர்ந்த கிருமி, ஆடை முழுக்கச் சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள். "ஒவ்வொரு ஓட்டையும் அது தின்ன இடம்," என்று எழுதியிருந்தது. பெரியநாயகி கண்ணாடியைப் போட்டு ஓட்டைகளை எண்ணப் பார்த்தாள். முடியவில்லை. நன்றாக இருக்கிறது, சாகட்டும் என்று நினைத்தாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். இது பதினோரு மாதத்துக்கு முன் கையில் கிடைத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. எழுந்து உலை வைத்தாள்.

டாக்டர் அனுமதி வாங்கி, தேதியை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். மருந்து ஊசியும் வைரஸும் சேர்ந்து போயின. முதலில் போனது நாற்றம். சைதுன்தான் கண்டுபிடித்தாள். "இன்னைக்கு வூட்ல பிரியாணி வாசனை தெரியுது," என்றாள். பிறகு புண்ணின் ஓரம் புதுச் சதை சிவப்பாக வந்தது. இரண்டு விரல் போயிற்று. அவை ஏற்கெனவே கறுத்துச் செத்தவைதான். கால் தப்பியது.

இதற்கு நடுவே திதி பூட்டைத் திறந்த வீட்டிலேயே நடந்தது. பூவம்மாள் மூக்கைப் பிடிக்காமல் பொங்கல் சாப்பிட்டாள்.

நடக்க முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொய்னுதீன் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். பிரியதர்ஷினியும் வந்திருந்தாள்.

"அந்த வைரஸுக்குப் பேர் வெக்கணும்மா. அங்கிள் பேர் வெக்கலாமா? ஆதிகேசவன் அங்கிள்?"

"வேணாம்மா. உயிரோட இருந்தப்ப ஒரு வேலைக்கும் நேரத்துக்குப் போனதில்ல. இதுவும் ஒரு வருஷம் லேட்டு. பேரும் வெச்சா ரொம்பத்தான் ஏறிக்கும். ஊர் பேரை வெச்சிக்கோ," என்றாள் பெரியநாயகி. பிறகு கேட்டாள், "அது இப்ப எங்கே இருக்குது?"

"ஃப்ரீசர்லமா. மைனஸ் எண்பது."

"அவ்ளோ குளிரா? ஃபேன் மூணாம் நம்பர்ல வெச்சாலே போர்வை கேப்பாரு." பிரியதர்ஷினி சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, அங்கே பத்திரமா இருக்குதில்ல? அப்ப நான் அந்த ரூமைக் கழுவிக்கலாமா?"

"கழுவிக்கலாம்மா."

வாசலில் வீராசாமியின் மூட்டை அப்படியே கிடந்தது. பெரியநாயகி அதை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நாற்காலியை வெளியே எடுத்து வைத்தாள். மொய்னுதீன் அதில் உட்கார்ந்து, இன்னும் அங்கே அழுக்கு இருக்கிறது, இங்கே இருக்கிறது என்று கோலால் காட்டிக்கொண்டிருந்தார். செருப்பையும் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவியவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"இன்னா தங்கச்சி அது? இப்டி குடு." வாங்கித் தன் இடது காலில் மாட்டினார். இரண்டு விரல் இல்லாத, கட்டுப் போட்ட பாதம் வெட்டுக்குள் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. இரண்டடி நடந்து பார்த்தார். "பாவிப்பய, வெட்டத் தெரியாம வெட்டி வெச்சிருக்கான். ஆனா சொகமா இருக்குது. எடுத்துக்கினு போறேன்."

பெரியநாயகி வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்து பாய்," என்றாள். "அதைப் போட்டுக்கினு அவரு நேரா வூட்டுக்கு வந்ததே கெடையாது."