பத்தொன்பது தின்பண்டங்கள்

"ஞாயித்துக்கிழமை கிளெப்போன் தின்னுக்கிட்டே என் தலையை உருட்டப் போறீங்களாமே?" என்று மருத்துவமனை இயக்குநர் சிரித்தபோது வுலானுக்கு உள்ளுக்குள் குதூகலமாகத்தான் இருந்தது. எலி பொறியில் விழுந்துவிட்டது.

இந்தோனேசியாவின் செமாராங் நகரிலிருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது செவிலியர்கள் தங்களுக்குள் மட்டும் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். வுலான்தான் அதற்குக் காவல். 'இங்கே எழுதுவது வெளியே போகக் கூடாது. கொண்டுபோனவர் பெயரை எல்லோருக்கும் சொல்லி நீக்குவோம்' என்ற விதியும் அவள் எழுதியதே. கையுறைகளைக் கழுவித் திரும்ப மாட்டச் சொல்கிறார்கள் என்று போன மாதம் எண்டா என்ற செவிலி குழுவில் எழுதிய கடிதம், மூன்றே நாளில் இயக்குநர் மேசைக்கு வந்துவிட்டது. பதினோரு வருடம் அறுவை அரங்கில் நின்ற எண்டா இப்போது சலவைக்கூடத்தில் துணி எண்ணுகிறாள். அதன்பிறகு குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட ஒருவர் வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அதனால்தான் இந்தப் பொறி. ஞாயிறு சந்திப்புக்கான அறிவிப்பில் தின்பண்டத்தை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றி அனுப்பினாள். ஒருத்திக்கு வாழைப்பழ பஜ்ஜி, ஒருத்திக்கு அவித்த கடலை, ஒருத்திக்கு வெல்லப்பாகு வைத்த கிளெப்போன் உருண்டை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு தாளில் பட்டியலாகக் குறித்துக்கொண்டாள். தன் பெயரையும் விடவில்லை. விதி என்றால் எல்லோருக்கும்தான்.

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலைப் பிரித்தாள். கிளெப்போன் கடைசி வரியில் இருந்தது, அவள் பெயருக்கு நேரே.

குழு அஞ்சலை அவள் திறக்கும் வீட்டுக் கணினியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அவளும், அதே மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் பகாஸும்.

"நீங்களா?"

மாலை வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த பகாஸ் நின்றுவிட்டான். "அவங்களே கேட்டாங்க வுலான். குடுக்கலேன்னா உன்னைத்தான் முதல்ல தூக்கியிருப்பாங்க. உன் பேரை அடிச்சுட்டுத்தான் குடுத்தேன்."

"எண்டா பேரை?"

அவன் அடுத்த பொத்தானைத் தேடினான்.

"பெருநாளைக்கு அவ வீட்ல உக்காந்து சாப்பிட்டோமேங்க!"

தன்னைக் காப்பாற்றத்தான் செய்தான் என்பதை அவள் பாதி நம்பினாள். அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

கணினியில் எண்டாவின் வரி காத்திருந்தது: 'யாருன்னு தெரிஞ்சுதா? எல்லாரும் கேக்கறாங்க.'

"தெரியலைன்னு எழுதிடு. இனிமே சத்தியமா குடுக்கமாட்டேன்," என்றான் பகாஸ்.

வுலான் எழுதினாள்: 'கிளெப்போன் என் பிரதி. என் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. விதிப்படி வுலான் நீக்கப்படுகிறாள். காவலை எண்டா எடுத்துக்கொள்ளட்டும்.' அனுப்பிவிட்டு, எண்டாவிடம் குழுவின் கடவுச்சொல்லை ஒப்படைத்து, குழு உறுப்பினர் பட்டியலில் தன் பெயரைத் தேடி அழித்தாள்.

எண்டா என்ன பதில் எழுதினாலும் இனி அது பதினெட்டுப் பேருக்குத்தான் போகும். வுலான் திரையைவிட்டு எழவில்லை. பின்னால் பகாஸ் சட்டையைப் பாதி கழற்றியபடியே நின்றான்.