கருப்பசாமிக்கு ஒரு குழாய்

எனக்கு மாடு கிடையாது, வாய் உண்டு. எண்பத்து நாலில் ஒத்தக்கடைக்குக் கிழக்கே எங்கள் ஊரே சேர்ந்து சாண எரிவாயுத் தொட்டி கட்டியபோது நானும் மண் சுமந்தேன். வாயு நிறைந்து, தொட்டிமேல் கவிழ்த்திருந்த இரும்பு டிரம் மெல்ல மேலே எழும்பிய அன்று, தொண்டை கட்டும்வரை குலவை போட்டேன்.

பிறகுதான் எரிவாயுச் சங்கத் தலைவர் சின்னான் விதியைச் சொன்னார். தினமும் ஒரு கூடை சாணி போடுகிற வீட்டுக்கே வாயுக் குழாய். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஈர விறகை ஊதியே பாதி ஆயுசு போயிற்று. அந்த நீல நெருப்பு எனக்கு வேண்டும்.

மறுநாள் கூடையோடு கோயில் காளையின் பின்னால் கிளம்பினேன். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட காளை அது, ஊரே அதற்குத் தொழுவம். அது கண்மாய்க்குள் இறங்கினால் நானும் இறங்கினேன்.

"என்னடி ஒச்சம்மா, காளைக்கு வாக்கப்பட்டுட்டியா?" என்றாள் பக்கத்துத் தெரு ராக்கம்மாள்.

"ஒம் புருசனுக்கு இது எம்புட்டோ தேவலடி!"

எட்டாம் நாள் கூடையைக் கவிழ்க்கப் போனபோது சின்னான் மறித்தார்.

"கோயில் காளைச் சாணி சாமிக்குச் சொந்தம் தாயி. ஒம்பேருல சேராது."

"அப்ப எட்டு நாளாச் சாணி போட்டது சாமியாண்ணே?"

"ஆமா."

"அப்ப சாமிக்குக் குழாய் குடுங்க!"

சாணி போட வந்திருந்த கூட்டம் சின்னானைப் பார்த்தது. அரிவாளோடு நிற்கிற சாமிக்கு இல்லையென்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? ஆனால் எங்கள் கருப்பசாமிக்குக் கூரை ஆகாது. வெட்டவெளியில்தான் இருப்பார்.

"அடுப்பு காத்துல அணைஞ்சு போகுமே," என்று சின்னான் தலையைச் சொறிந்தார்.

"பக்கத்துல செவரு இருக்குற வீட்டுல வைங்க."

சாமிக்குப் பக்கத்தில் இருப்பது என் வீடு ஒன்றுதான்.

"வெள்ளிக்கு வெள்ளி சாமிக்குப் பொங்க வச்சுப் படைக்கிறேன். மத்த நாள் அடுப்பு சும்மா கெடந்தா சாமி கோவிக்கும்ல?"

சின்னான் முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். ஊரும் சிரித்தது.

குழாய் வந்தது ஒரு புதன்கிழமை. தீக்குச்சியைக் காட்டியதும் புஸ்ஸென்று பற்றியது. சந்தோஷத்தில் ஒரு மூச்சு அழுதேன். வெள்ளிவரை பொறுக்க யாரால் முடியும்? கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கிடா வெட்டு வாங்குகிற சாமிக்குக் கருவாடு மட்டும் ஆகாதா?

குழம்பு கொதிக்கும்போதே வாசலில் நிழல் தட்டியது. சின்னான், கையில் கிண்ணத்தோடு.

"சாமி பிரசாதம் கொஞ்சம் ஊத்து தாயி."