இரண்டாவது முக்காலி

வெண்டெல் பிளாஸ்கைச் சாய்த்துக் காப்பி ஊற்றினார். பாதி மூடிக்குள் விழுந்தது, மீதி அவர் முழங்காலில்.

"இந்த மூடி ஓட்டைடா," என்றார்.

மூடியில் ஓட்டை எதுவும் இல்லை. பக்கத்து முக்காலியில் இருந்த ஹார்லனுக்கு அது நன்றாகத் தெரியும். "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு, கஞ்சப்பயலே," என்று சொல்லிவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வேட்டைக்கு அடித்த கறுப்புத் துணிக் கூடாரம். உள்ளே இருவரும் கறுப்புச் சட்டை. முன் சன்னலில் மட்டும் ஒரு சாண் திறப்பு. பின்பக்கம் விரல் அகலம் திறந்திருந்தாலும் வெளிச்சத்தில் ஆள் அசைவது தெரிந்துவிடும், மான் அந்தப் பக்கமே வராது. வெளியே சுண்ணாம்புப் பாறையும் சீமைக்கருவேலமும் மஞ்சள் புல்லும் கிடந்தன. நேர் எதிரே புழுக்கைக் குவியல் ஒன்று. இது என் இடம் என்று சொல்ல, முறுக்குக் கொம்பு வெளிமான் கிடாவுக்கு அதுதான் பட்டா, பத்திரம் எல்லாம். இந்தியாவிலிருந்து யாரோ எந்தக் காலத்திலோ டெக்சஸுக்குக் கொண்டுவந்து விட்ட இனம். இத்தனை தலைமுறை ஆகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எங்கே சுற்றினாலும் தன் குவியலுக்குத் திரும்பி வந்து நிற்கும். அதனால்தான் கூடாரத்தை அதற்கு நேராக, இருபது கெஜத்தில் அடித்திருந்தார்கள்.

முதல் முக்காலி வில் பிடிப்பவனுக்கு. இரண்டாவது முக்காலிக்காரன் தூரம் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்து எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் தவிர வாயைத் திறக்கக் கூடாது. எய்யலாமா வேண்டாமா என்பது வில்லுக்காரன் பாடு. வெண்டெலின் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் போட்டுக்கொண்ட சட்டம் இது. அடிபட்ட மான் கைக்குக் கிடைக்காமல் போனால் அந்த வருஷம் முழுக்க வில்லைத் தொடக் கூடாது என்பது இன்னொன்று. வெண்டெல் ஒரே ஒரு முறை அப்படி வில்லை மாட்டி வைத்திருக்கிறார். வயிற்றில் அம்போடு போன பெட்டை அது. அந்த வருஷம் அவர் சாப்பாட்டு மேசையில்கூடச் சரியாகப் பேசவில்லை என்று அவர் மனைவி லொரெட்டா சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் அதே லொரெட்டாதான் ஹார்லனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அவருக்குக் கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சு, ஹார்லன். ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது. இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருக்காரு."

"அப்ப வேட்டைக்கு எதுக்கு அனுப்புறே?"

"நான் எங்க அனுப்புறேன்? கடைசியா ஒரு கறுப்புக் கிடான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நிறுத்திடாதீங்க. ஆனா அது அடிபட்டு எங்கயாவது ஓடிப்போச்சுன்னா, இவரைக் கட்டிக்கிட்டு மாரடிக்க என்னால ஆகாது." அழுதாளா என்பது தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

நிறுத்தவும் கூடாது, நடக்கவும் விடக் கூடாது. நல்ல வேலையைத் தலையில் கட்டினாள் என்று ஹார்லன் அன்றிலிருந்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார்.

சீமைக்கருவேலப் புதருக்குப் பின்னாலிருந்து கிடா வந்தது. குவியலுக்கு வரவில்லை. அதற்கும் அப்பால், விழுந்து கிடந்த மரத்தருகே பக்கவாட்டில் நின்றது. ஹார்லன் வெண்டெலின் முழங்காலைத் தட்டினார். வெண்டெல் வில்லை எடுத்தார். முகத்தைக் கிடாவுக்கு நேராகத் திருப்பாமல், கூடாரத்தின் மூலையைப் பார்ப்பதுபோலச் சாய்த்துக்கொண்டார். கண்ணின் ஓரத்தால் தேடுகிறார். ஹார்லன் கருவியைக் கண்ணில் வைத்தார்.

கருவிக்குள் முப்பது என்று தெரிந்தது.

குறி பார்க்க வில்லில் இருபது கெஜத்துக்கு ஒரு பொட்டு, முப்பதுக்கு ஒரு பொட்டு. முப்பதில் நிற்கும் மானுக்கு இருபதின் பொட்டை வைத்தால் அம்பு வயிற்றுக்குக் கீழே போய்விடும். ஒரு மயிரும் உதிராது. வெண்டெல் நாணை இழுத்துக் காத்திருந்தார்.

"இருபது," என்றார் ஹார்லன்.

அம்பு போனது. கிடா துள்ளிக் குதித்து, நாலு கால் பாய்ச்சலில் சரிவில் மறைந்தது. ஹார்லனுக்கு நிம்மதியாக இருந்தது. உடனே அந்த நிம்மதியே வெட்கமாகவும் இருந்தது.

"பட்டுச்சா?"

"இல்ல. கீழ போயிடுச்சு."

வெண்டெல் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே போனார். ஹார்லன் பின்னாலேயே போனார். வெண்டெல் பூட்ஸ் காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். குவியல் காலில் பட்டது. நின்றார். குனிந்து சுற்றிலும் கையால் துழாவினார். புழுக்கை காய்ந்து கிடந்தது, மண் கலையவே இல்லை. மேலும் நடந்தார். விழுந்த மரத்தருகே மண் கிளறப்பட்டிருந்தது. குளம்புத் தடத்துக்குள் அவர் விரல்கள் இறங்கின. அதன் பின்னால் அம்பு மண்ணில் குத்தி நின்றது. பிடுங்கி, கட்டைவிரலால் வழித்து, மோந்து பார்த்தார். ஈரமில்லை.

"அது குவியல்கிட்ட நிக்கவே இல்ல," என்றார்.

ஹார்லன் பூட்ஸ் முனையால் ஒரு கல்லைப் புரட்டினார்.

"லொரெட்டா சொன்னாளா?"

"ம்."

"அவ வாயில அவிச்ச பயறுகூட நிக்காது." வெண்டெல் அம்பின் இறகை நீவிக்கொண்டே இருந்தார். "இத்தனை வருஷத்துல நீ எனக்கு நம்பர் தப்பா சொன்னதே இல்லடா. மானைக் காப்பாத்துனியா, என்னைக் காப்பாத்துனியா?"

"தெரியல."

"எனக்கு மிச்சம் இருக்கிறதே உன் நம்பர் ஒண்ணுதான். அதுலயும் மண்ணள்ளிப் போட்டா நான் எதை நம்பி உட்காருவேன்?" குரல் உயரவில்லை. அதுதான் ஹார்லனுக்குத் தாங்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. "இன்னொரு தடவை பொய் சொன்னே, நான் இங்கருந்து நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்."

"போ போ. மெக்சிகோவுல போய் நிப்பே."

வெண்டெல் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பும்போது ஹார்லனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பகலெல்லாம் முக்காலியிலேயே கழிந்தது. டாக்கோ ரொட்டியைச் சத்தமில்லாமல் தின்றார்கள். வெண்டெல் ஒருமுறை, "முகத்தைத்தான்டா பாக்க முடியல. தொப்பி தெரியுது, காது தெரியுது. நடுவுல நீ இல்ல," என்றார். ஹார்லன் தலையாட்டினார், அது வெண்டெலுக்குத் தெரியாது என்பது உறைக்கவும், "சரிடா," என்று வாயால் சொன்னார்.

வெயில் சாய்ந்தபோது கிடா திரும்பி வந்தது. இந்த முறை நேராகக் குவியலுக்கே வந்து, முகர்ந்து, பக்கவாட்டில் நின்றது. வெண்டெல் நாணை இழுத்தார். முகம் மூலையைப் பார்த்துச் சாய்ந்தது.

ஹார்லன் கருவிக்குள் பார்த்தார். "இருபது," என்றார். "குவியல் மேலயே நிக்குது."

வெண்டெல் எய்யவில்லை.

"எப்படிடா இருக்கு?" என்றார், மூச்சுக்குள்.

இரண்டாவது முக்காலிக்காரன் அதைச் சொல்லக் கூடாது. ஹார்லன் கருவியை மடியில் வைத்தார்.

"முதுகு நல்ல கறுப்பு. தார் ஊத்துன மாதிரி. வயிறு வெள்ளை."

"கொம்பு?"

"நாலு முறுக்கு. இடது கொம்பு நுனி கொஞ்சம் உடைஞ்சிருக்கு. சண்டைக்காரப் பய."

"கண்ணு?"

"கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம். இந்தப் பக்கம்தான் பாக்குது."

வெண்டெல் அம்பை விடாமலே நாணை மெல்ல மெல்லத் தளர்த்தினார். வில் அவர் தொடைமேல் இறங்கியது. கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"நிறுத்தாதே," என்றார்.

"தலையைத் தூக்குது," என்றார் ஹார்லன். "கொம்பு ரெண்டும் முதுகுல படுற மாதிரி சாய்க்குது. வெயில் அதுக்குப் பின்னால இருக்கு. காது ஓரம் சிவப்பாத் தெரியுது. நடக்குதுடா, நம்மளைப் பாத்துத்தான் வருது. பதினெட்டு. பதினாறு."